வடக்குத் தெரு உறவுகள்: சித்தப்பாவும் ஊசியும்

ஞாயிறு

சித்தி: எல்லோருக்கும் வணக்கம். இவருக்குப் புதன்கிழமை மதுரையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன், சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி. செவ்வாய் சாயங்காலம் அட்மிஷன். நாளைக்கு ரத்தம் கொடுக்க லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வர மாட்டேன் என்கிறார். போன தடவையும் நாள் குறித்த பிறகு, தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அப்பா: அடேய், இரண்டு பரோட்டா தின்றாலே வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாய். அந்த வலிக்கு ஊசி தேவலாம் இல்லையா?

சிங்கப்பூர் மாமா: மாப்பிள்ளை, பங்குனிப் பொங்கலுக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு விருதுநகரையே சுற்றி வந்த ஆள் நீ. இந்தத் துளி ஊசிக்கா இந்த ஓட்டம்?

கதிர்: 2021ல் நடந்ததை அப்பா சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கோவிட் தடுப்பூசி முகாம். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பார்களே, அந்த நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். வரிசையில் நின்ற பாதிப் பேர் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சித்தப்பா: எனக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.

கதிர்: இரண்டாவது டோஸுக்கு அந்த அக்கா பஞ்சை எடுத்ததுமே சாய்ந்தீர்களே, அப்போது எந்த மருந்து உள்ளே போனது?

அப்பா: 😂😂😂

அத்தை: பாவம், விடுங்கள் அவனை. முதுகுத் தண்டில் வேறு பெரிய ஊசியாகப் போடுவார்களாம்.

சித்தப்பா: முதுகிலா???

நான்: அத்தை, தயவுசெய்து! இப்போதுதான் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தேன், அதற்குள் இத்தனை. சித்தப்பா, முதுகு ஊசி எல்லாம் பெரும்பாலும் சிசேரியன், கால் ஆபரேஷன் போன்றவற்றுக்குத்தான். பித்தப்பை லேப்ராஸ்கோப்பிக்கு வழக்கமாக முழு மயக்கம். அந்த மருந்து கை நரம்பில் போட்டிருக்கும் குழாய், லைன் என்போமே, அதன் வழியாகத்தான் போகும். எதற்கும் மயக்க டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

நான்: அப்புறம் அப்பா, மாமா, கேலி போதும். மருந்து உள்ளே போகும் முன்பே மயக்கம் வருகிறது என்றால் அது உடம்பு செய்கிற வேலை. சித்தப்பா வேண்டுமென்று செய்வதில்லை. சித்தப்பா, ஒன்று கேட்கிறேன். அலகு குத்தும்போது ஏன் மயக்கம் வரவில்லை?

சித்தப்பா: அது வேறம்மா. விரதம் இருந்து காப்புக் கட்டி, கொட்டுச் சத்தத்தில் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பேர் தோளைப் பிடித்திருப்பார்கள். நான் தலையை ஆட்டினால்தான் குத்துவார்கள். லேபில் பெயரைக்கூடக் கேட்காமல் கையை இழுத்து ரப்பரைக் கட்டுகிறார்கள். அந்த ஸ்பிரிட் வாடை வந்ததும் காது அடைக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது.

நான்: பார்த்தீர்களா, உங்களுக்கு வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாளைக்கு லேபில் நுழைந்ததும் முதல் பேச்சு, "எனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்." வெட்கப்பட வேண்டாம். எங்களுக்கு இதைக் கேட்டால் நிம்மதிதான். சொல்லாமல் உட்கார்ந்து, திடீரென்று தரையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்பவரைத் தூக்குவதுதான் கஷ்டம். சித்தி தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் தலையாட்டிய பிறகு குத்தச் சொல்லுங்கள். கண் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அத்தை: அவன் படுத்தாலும் மயங்குவானே மலர்.

நான்: அதற்கும் வழி இருக்கிறது அத்தை. நாய் துரத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பி.பி. ஏறும். அதற்குப் பெரும்பாலும் யாரும் மயங்கி விழுவதில்லை. ரத்தம், ஊசி மேல் இருக்கிற பயம் மட்டும் தலைகீழ். முதலில் படபடவென்று அடிக்கும், பிறகு நாடி சட்டென்று இறங்கும், ரத்தக் குழாய்கள் தளர்ந்து பி.பி. விழும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்ததும் ஆள் சாய்ந்துவிடுவார். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு இறங்குகிற பி.பி.யைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கதிர்: யூடியூபில் மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்கிறார்களே அக்கா?

நான்: மயக்கம் வராமல் பயம் மட்டும் இருப்பவர்களுக்கு அது சரி. மயங்கி விழுகிறவருக்கு நேர்மாறு. ஓஸ்ட் என்று சுவீடன்காரர், உளவியல் நிபுணர். அவரும் கூட இருந்தவர்களும் 1980களிலேயே இதற்கென்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். தொடை, வயிறு, கை எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்க வேண்டும். 10, 15 விநாடியில் முகம் சூடாவது தெரியும். பிறகு இறுக்கத்தை விடலாம், ஆனால் தொளதொளவென்று விட்டுவிடக் கூடாது, சாதாரணமாக இருந்தால் போதும். 20, 30 விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. இன்றைக்கே பழகுங்கள். ஊசி குத்துகிற கையை மட்டும் இறுக்கக் கூடாது, அது தளர்வாகவே இருக்க வேண்டும். காது அடைக்கிற மாதிரி தெரிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

அப்பா: நானும் செய்து பார்த்தேன். முகம் நிஜமாகவே சூடாகிறது.

நான்: அப்பா, நீங்கள் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டரைக் கேட்காமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

சிங்கப்பூர் மாமா: எதற்கு இவ்வளவு பாடு? ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது.

நான்: மாமா, மயக்க மருந்து கொடுக்கப்போகிறவரிடம் சொல்கிற யோசனையா இது? சித்தப்பா, மதுவைத் தொடவே கூடாது.

சித்தி: அவர் ஹாலில் உட்கார்ந்து இறுக்கிக்கொண்டிருக்கிறார். முகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா என்ன ஆச்சு என்று பதறி ஓடி வந்துவிட்டார்கள்.

திங்கள்

சித்தப்பா: கொடுத்துவிட்டேன். மூன்று ட்யூப்.

கதிர்: மயங்கவில்லை! நான்தான் சாட்சி.

சித்தி: படுக்க வைத்துத்தான் எடுத்தார்கள். அந்தப் பெண் நல்ல பெண். "நீங்கள் சொல்லும்போது குத்துகிறேன் ஐயா" என்றாள். இவர் ஃபேனைப் பார்த்தபடி தொடையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துத் தலையை ஆட்டினார். எப்போது குத்துவார்கள் என்று என்னைக் கேட்கிறார், அவள் ட்யூபில் பெயரே எழுதி முடித்துவிட்டாள்.

நான்: சபாஷ் சித்தப்பா! உடனே எழவில்லையே?

சித்தி: எழப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பத்து நிமிஷம் படுக்க வைத்து, பிறகு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

நான்: நல்லது. பயத்தில் உடம்பு இறுகியது தளர்ந்த பிறகுதான் சிலருக்கு மயக்கம் வரும். முகாமில் நாற்காலியில் விழுந்ததும் அப்படித்தான் இருக்கும்.

அத்தை: அம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள், காது கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன்: "உங்க தாத்தா மட்டும் என்னவாம்? அம்மை குத்துகிறவன் ஊருக்குள் வந்தால் சோளக்காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வார். பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார். ஒரு தடவை பிடித்துக் குத்திவிட்டார்கள், திண்ணையிலேயே விழுந்துவிட்டார். என் பெரிய பிள்ளை சின்ன வயதில் பல் பிடுங்கப் போய் விழுந்ததையும் கேளுங்கள்."

கதிர்: பெரிய பிள்ளை என்றால் பெரியப்பாவா?

அப்பா: அப்பத்தாவுக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நான்: குழப்பமில்லை. இந்த மயக்கம் குடும்பத்தில் தொடர்ந்து வருவது சகஜம்தான். மற்ற பயங்களைவிட இதில் அது அதிகம்.

சிங்கப்பூர் மாமா: 😂😂😂 மச்சான், நேற்று நீங்கள் போட்ட இதே மூன்றும் உங்களுக்குத் திருப்பி.

செவ்வாய்

கதிர்: அட்மிஷன் ஆகிவிட்டது. அக்கா, இனி எத்தனை ஊசி? அப்பா உண்மையைக் கேட்கிறார்.

நான்: மறைக்காமல் சொல்கிறேன். வென்ஃப்ளான் ஒன்று, அதுதான் நான் சொன்ன லைன், புறங்கையிலோ முன்னங்கையிலோ. குத்தியதும் ஊசியை உருவிவிடுவார்கள். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான், கையை அசைத்தால் ஊசி குத்திவிடும் என்ற பயமே வேண்டாம். அதற்குப் பிறகு வலி மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் அதிலேயே போகும். பல இடங்களில் ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, டெஸ்ட் டோஸ் என்று தோலுக்குள்ளேயே துளியாக ஒன்று போடுவார்கள். அளவு சின்னது, எரிச்சல் அதிகம். சில இடத்தில் டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன ஊசி என்று கேளுங்கள், சொல்வார்கள்.

நான்: கதிர், மயக்க டாக்டர் வந்தால் மரத்துப்போக வைக்கிற க்ரீம் போடலாமா என்று கேள். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது, மருந்துக் கடையில் கிடைக்கும். லைன் போடும் இடத்தில் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். தடவின உடனே கையை நீட்டினால் பயனில்லை. எந்த இடம் என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வை.

அத்தை: இரவு ஏதாவது சூடாகக் கொடுங்கள், பலம் வேண்டாமா?

நான்: வேண்டாம் அத்தை. எத்தனை மணியோடு சாப்பாடும் தண்ணீரும் நிறுத்தச் சொன்னார்களோ அதுதான் கணக்கு.

கதிர்: க்ரீமுக்கு டாக்டர் சரி என்றுவிட்டார். முதுகு ஊசியும் கிடையாதாம். இரண்டு புறங்கையிலும் வைத்து ஒட்டியாகிவிட்டது.

சித்தி: லைன் போட்டாகிவிட்டது. முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. எனக்குத்தான் கால் நடுங்கியது. "ஒரு நிமிஷம் நில்லும்மா" என்று இவர் கையை உயர்த்தினார், அந்த நர்ஸும் நிறுத்திவிட்டாள். இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, பிறகு மற்றக் கையை நீட்டினார். அதில் கிடைத்துவிட்டது.

சித்தப்பா: டெஸ்ட் டோஸ்தான் மலர் சனியன். நீ முன்னாலேயே சொன்னதால் திட்டாமல் இருந்தேன்.

புதன்

கதிர்: தியேட்டருக்குள் போய்விட்டார். மணி 8:40.

அப்பத்தா: 🙏🙏🙏🙏

கதிர்: முடிந்தது. நன்றாக இருக்கிறார். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், படம் அனுப்புகிறேன்.

சிங்கப்பூர் மாமா: சாப்பிடுகிற நேரத்தில் எதற்கடா இந்தப் படம்?

வியாழன்

சித்தப்பா: உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். தியேட்டரில் மயக்க டாக்டர் பால் மாதிரி வெள்ளையாக ஒன்றை லைனில் ஏற்றினார். கையில் சுள்ளென்றது, "எரியும் ஐயா, எண்ணுங்கள்" என்றார். நான்கு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

அத்தை: அம்மன் காப்பாற்றினாள். பங்குனிக்கு அவனை மறுபடி அலகு குத்தச் சொல்லாதீர்கள், தையல் ஆறட்டும்.

சித்தப்பா: அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் அக்கா.

அப்பா: மலர்.

நான்: சொல்லுங்கள் அப்பா.

அப்பா: அந்த மூன்று மாத சுகர் டெஸ்ட், தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாயே. படுக்க வைத்து எடுக்கிற அந்த லேப் எங்கே இருக்கிறது என்று சித்தியிடம் கேட்டுச் சொல்.

சித்தி: அத்தான், நானும் குழுவில்தான் இருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில். தோளைப் பிடிக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.