லேப்ராடார் காதுல திரும்பத் திரும்ப வாடை, அழுக்கு: பழைய சொட்டு மருந்தையே போடலாமா?

சென்னை_லேப்

4 வயசு ஆண் லேப்ராடார். இந்த வருஷத்துல இது 4-வது தடவை. ரெண்டு காதுலயும் பழுப்பா, பிசுபிசுன்னு அழுக்கு, புளிச்ச மாவு வாடை. தலையை உதறிக்கிட்டே இருக்கான். சொட்டு மருந்து 5 நாள் போட்டா அடங்குது, ஆறு வாரத்துல மறுபடி ஆரம்பிக்குது. பாதத்தையும் விடாம நக்குறான், அது வேற பிரச்சினைன்னு நினைக்கிறேன். சாப்பாடு சிக்கன், சோறு, கொஞ்சம் தயிர். போன தடவை வாங்கின மருந்து பாதி பாட்டில் இருக்கு, அதையே போடலாமா?

கால்நடை_மருத்துவர்

பாதம் நக்குறது வேற பிரச்சினை இல்லைங்க, ரெண்டுக்கும் வேர் அனேகமா ஒண்ணுதான்: அலர்ஜி. காதுக்குள்ள இருக்கிறதும் தோல்தான். அலர்ஜியில அது வீங்கி, மெழுகு அதிகமா சுரக்குது. எப்பவும் கொஞ்சமா அங்கேயே இருக்குற மலசீசியாங்கிற ஈஸ்ட் (ஒரு வகை பூஞ்சை) அந்த ஈரத்துல பெருகிடுது. சொட்டு மருந்து ஈஸ்டைக் கொல்லும், அலர்ஜியைத் தொடாது. அதனாலதான் திரும்ப வருது.

பழைய பாட்டிலைத் தொடாதீங்க. இந்தத் தடவை உள்ள இருக்கிறது ஈஸ்டா பாக்டீரியாவான்னு தெரியாது. செவிப்பறை கிழிஞ்சிருந்தா ஜென்டாமைசின், நியோமைசின் மாதிரி மருந்துகள் காது கேட்கும் திறனையே பாதிக்கலாம். டாக்டர் ஓட்டோஸ்கோப் (காதுக்குள்ள பார்க்குற விளக்குக் கருவி) வச்சு செவிப்பறையைப் பார்க்கணும். பஞ்சுக் குச்சியில அழுக்கை எடுத்து, ஸ்லைடுல உருட்டி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்புல பார்க்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலைதான். ஈஸ்டா இருந்தா தோலோட இருக்குற வேர்க்கடலை மாதிரி தெரியும்.

5 நாள்ல நிறுத்துறதும் ஒரு காரணம். நாய்க்கு காதுக்குழாய் கீழ இறங்கி, ‘ட’ எழுத்து மாதிரி உள்பக்கம் திரும்புது. மேல் பகுதி முதல்ல சரியாகும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். வழக்கமா 7 முதல் 14 நாள். அதுக்கப்புறம் மறுபடி ஸ்லைடு பார்த்துட்டுத்தான் நிறுத்தணும். அளவும் முக்கியம்: லேப் சைஸ் காதுக்கு மூணு சொட்டு பத்தாது. எத்தனை மி.லி.ன்னு டாக்டர்கிட்ட கேட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து விடுங்க.

க்ரூமிங்_அக்கா

சுத்தம் பண்ற முறை தப்பா இருந்தா மருந்து அழுக்கு மேலயே நின்னுடும், தம்பி. காது மடலை மேல தூக்கிப் பிடிச்சு, நாய்க்கான இயர் க்ளீனரைக் குழாய் நிறையுற வரைக்கும் ஊத்துங்க. தாடை ஓரத்துல காதுக்கு அடியில கெட்டியா குழாய் கைக்குத் தட்டுப்படும். அதை அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பிசைஞ்சு விடுங்க, ‘சளக் சளக்’னு சத்தம் கேட்கணும். பிறகு விட்டுடுங்க, அவனே உதறி அடியில இருக்குறதை மேல கொண்டு வருவான். பஞ்சை விரல்ல சுத்தி, விரல் போற வரைக்கும் மட்டும் துடைங்க. பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை உள்ள தள்ளி அடைச்சிடும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மருந்து விடுங்க.

ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். புண்ணான தோல் எரியும், எண்ணெய் உள்ளயே தங்கிடும். குணமான பிறகு வாரம் ஒரு தடவை போதும். தினமும் கழுவினா தோல் ஊறிப்போய் மறுபடி புண்ணாகும். தொட்டாலே கத்துறான்னா வீட்ல சுத்தம் பண்ணாதீங்க, முதல்ல வலி குறைய மருந்து வேணும்.

சென்னை_லேப்

ரொம்ப நன்றி. அலர்ஜின்னா சிக்கனை நிறுத்திப் பார்க்கட்டுமா?

கால்நடை_மருத்துவர்

அரைகுறையா நிறுத்தினா ஒண்ணும் தெரியாது. 8 வாரம், அவன் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம், இல்லன்னா ஹைட்ரோலைஸ்டு உணவு (அலர்ஜி வராதபடி புரதத்தைப் பொடிப்பொடியா உடைச்ச தீவனம்). தயிர், முட்டை, பிஸ்கட், வாசனை சேர்த்த உண்ணி மாத்திரை, சாப்பாட்டு மேஜைக்கு அடியில சிந்தினது, எல்லாமே கட். ஒரு துண்டு சிக்கன் போனாலும் கணக்கு கெட்டுடும். வாத்துக்கறிக்கு மாறாதீங்க, கோழிக்கு ஒத்துக்காத உடம்பு அதுக்கும் அரிக்கலாம். 8 வாரத்துல அரிப்பு குறைஞ்சா சிக்கனைத் திரும்பக் குடுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள காது சிவந்தா சிக்கன்தான் காரணம்.

மாற்றமே இல்லன்னா வீட்டுத் தூசிப் பூச்சி, மகரந்தம் மாதிரி சூழல் அலர்ஜி. அதுக்கு ஓக்லாசிட்டினிப் மாதிரி அரிப்பை அடக்குற மாத்திரை இருக்கு. தொற்று முழுசா போன பிறகு, வாரம் ரெண்டு நாள் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் விட்டு வீக்கம் வராம பார்த்துக்கலாம். ரெண்டுமே டாக்டர் கண்காணிப்புல.

உண்ணி_ஒழிப்பு

ஒரே ஒரு காதுல மட்டும் வந்தா அலர்ஜியைவிட புல் விதை, கட்டியை முதல்ல தேடச் சொல்லுங்க. பச்சையா சீழ், தாங்க முடியாத நாத்தம், வலின்னா சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியாவா இருக்கலாம். கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும்னு லேப்ல வளர்த்துப் பார்க்குற டெஸ்ட்) எடுக்காம ஆன்டிபயாடிக் மாத்தி மாத்திப் போட்டா முத்திடும். மடல் இட்லி மாதிரி உப்பினா உதறி உதறி உள்ள ரத்தம் கட்டியிருக்கு. தலை ஒரு பக்கம் சாயுது, நடக்கும்போது விழுறான், கண் பக்கவாட்டுல துடிக்குதுன்னா அன்னைக்கே கொண்டு போங்க, தொற்று உள்காதுக்குப் போயிருக்கலாம்.