மேசை இறங்கிவிட்டது, நான் இறங்கவில்லை: நின்று வேலை பார்த்து முதுகு பிடித்த அனுபவங்கள்

உம்லங்கா மதுரைக்காரன்:
இதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும். 2023, இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங், அதாவது முறைபோட்டுக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த நேரம். பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று போனில் தெளிவாகப் போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு, நின்று வேலை பார்க்க வாங்கிய, மோட்டாரில் ஏறி இறங்கும் மேசையை ஏற்றிவிட்டு நின்றபடி மீட்டிங்கில் நுழைந்தேன். பத்துக்கு டப்பென்று போனது. இன்வெர்ட்டரில் ரவுட்டரும் கம்ப்யூட்டரும் மட்டும் ஓடும். மேசையின் மோட்டார் சுவர் பிளக்கில். இறக்கும் பொத்தானை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டரை மணி நேரம். முழங்காலை விறைப்பாக நீட்டி, தொப்பையை மேசை விளிம்பில் சாய்த்து, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்றேன். கரண்ட் வந்ததும் பொத்தானை அமுக்கினேன், ஒன்றுமே நடக்காத மாதிரி மேசை சர்ரென்று இறங்கியது. நான்தான் இறங்கவில்லை. பேனா மூடி விழுந்தது என்று குனிந்தேன், இடுப்பில் சுரீர். அப்படியே கையையும் முழங்காலையும் ஊன்றிவிட்டேன். மேசைக்கடியில் ஒரு காய்ந்த முறுக்குத் துண்டு கிடந்தது. எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அந்த முறுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, நீங்கள் காசு கொடுத்து மேசை வாங்கி நிற்கிறீர்கள். நான் பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் சம்பளத்துக்கு நிற்கிறேன்!

என் ஆயா டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் கட்டிங் மேசையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஒருநாள் அவரைக் கூப்பிடப் போனேன். மேசைக்கடியில் நூல்கண்டு வந்த சின்ன மரப்பெட்டி. அதில் ஒரு காலை வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறு கால். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் கல்லாவில் சேர்ந்த முதல் டிசம்பர், ராத்திரி கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் அழுதேன். ஆயா தைலம் எதுவும் எடுக்கவில்லை. "காலுக்கு ஒரு படி குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். சூப்பர்வைசர் முறைத்தார், முறைக்கட்டும்.

பீனிக்ஸ்காரன்:
மதுரை அண்ணா, கோபப்படாதீர்கள், ஒன்று புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் போய் உட்கார வேண்டியதுதானே? யார் கட்டிப்போட்டார்கள்? புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கும்ப் மாரியம்மன் கோயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறோம். எனக்கு முதுகு பிடித்ததே இல்லை.

சாட்ஸ்வொர்த் அக்கா:
வரிசை நகரும் தம்பி.

லெனேசியா கணக்கர்:
அக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டார். என் கதை சின்னது. ஆபீசில் பொது மேசைகள், எனக்கு முன்னால் நின்றவர் குள்ளம். ஏற்றிக்கொள்ளச் சோம்பல்பட்டு இரண்டு வாரம் கூன் போட்டு நின்றேன், பிறகு பிசியோவிடம் பணம் கட்டினேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாரும் நிற்பதையே குற்றம் சொல்வது சரியில்லை. அசையாமல் நிற்பதுதான் வினை. முழங்காலை விறைத்தால் இடுப்பு முன்னே தள்ளும், கீழ்முதுகின் வளைவு கூடும், தசை இறுகியே கிடக்கும். முழங்காலைக் கொஞ்சம் தளர விடுங்கள். மேசை உயரத்துக்குக் கணக்கு முழங்கைதான்: தோளைத் தூக்காமல் கையை மடக்கினால் ஏறக்குறைய செங்கோணத்தில் விரல் விசைப்பலகையில் படவேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். வெறும் லேப்டாப்பில் இது இரண்டும் சேர்ந்து நடக்காது. திரையை ஏற்றினால் விசைப்பலகையும் கூடவே ஏறிவிடும், தனி விசைப்பலகை வாங்கியே ஆகவேண்டும். வெறுங்காலோடு டைல்ஸில் நிற்காதீர்கள், மெத்தென்ற பாயோ நல்ல ஷூவோ வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ் சொன்ன கணக்கு: அரை மணியில் 20 நிமிடம் உட்கார், 8 நிமிடம் நில், 2 நிமிடம் நட. 2015இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த நிபுணர் அறிக்கையும், வேலை நேரத்தில் நிற்பதும் லேசாக நடப்பதும் சேர்த்து முதலில் 2 மணி நேரம், பிறகு மெல்ல 4 மணி நேரம் என்றுதான் சொன்னது. முதல் நாளே இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் நில் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம், வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் செங்கல்லும் வேண்டாம், தைலமும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

பீனிக்ஸ்காரன்:
ஐயா, இவ்வளவு யார் கேட்டது? எட்டு நிமிடத்தில் எங்கள் மீட்டிங்கில் "குரல் கேட்கிறதா?"கூட முடியாது.

லெனேசியா கணக்கர்:
கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் நீங்கள் கோயில் வரிசையை உதாரணம் காட்டினால் நான் சும்மா இருக்க முடியுமா?

உம்லங்கா மதுரைக்காரன்:
பீனிக்ஸ் தம்பி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேசை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதாக மேனேஜரிடம் பெருமையடித்திருந்தேன். மீட்டிங்கில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவரும் இருந்தார். எப்படி உட்கார்வது?

அக்கா, செங்கல் வைத்துவிட்டேன். ஒன்றுதான் கிடைத்தது, காலை மாற்றி மாற்றி வைக்கிறேன், தேவலாம். மோட்டாரையும் இன்வெர்ட்டரில் மாட்டியாயிற்று. எலெக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்து மாட்டிய பிறகு லோட் ஷெடிங் கிட்டத்தட்ட நின்றேபோனது.