மலை ரோட்டில் கார்பன் சப்பாத்து: போட்டிக்கு எதைப் போட்டு ஓடினீர்கள்?

கொட்டகலை ஓட்டக்காரன்

கொழும்பில் மரதன் ஓட இந்த முறை நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் தயாராகிறோம். கார்பன் தகடு வைத்த சப்பாத்து வாங்கலாமா என்று கேட்காத ஆளே இல்லை. யூடியூபில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் சமதரையில் ஓடுகிறவர்கள் சொல்வது. நமக்கு வாசலைத் தாண்டினாலே ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால் இங்கே மலையில் போட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

நான் போடுவது நைக் வேப்பர்ஃப்ளை. டுபாயில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்தார். ஒரு பக்கச் சப்பாத்து 200 கிராம்கூட இல்லை. போட்டு நின்றதும் உயரத்தில் நிற்பது தெரியும். உள்ளே தடித்த நுரை, அதற்கு நடுவில் முன்பாதத்தில் மேல்நோக்கி வளைந்த கார்பன் தகடு. மெதுவாக நடந்தால் அசௌகரியம்தான். வேகம் கூடக்கூடத்தான் இது எதற்குச் செய்த சாமான் என்று புரியும்.

நம்மில் பலர் அந்தத் தகடுதான் ஸ்பிரிங் மாதிரி தூக்கிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். வேலை செய்வது பெரும்பாலும் நுரை. பீபா என்ற வகை நுரை, பழைய ஈவிஏ நுரையைவிட எடை குறைவு, அமுக்கிய பிறகு திருப்பித் தரும் சக்தியும் அதிகம். தகட்டைக் குறுக்கே வெட்டிவிட்டு ஓடவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வெட்டிய சப்பாத்துக்கும் வெட்டாததுக்கும் சக்திச் செலவில் ஒரு வீதம்கூட வித்தியாசம் வரவில்லை. அவ்வளவு மென்மையான, உயரமான நுரையை ஆடவிடாமல் பிடித்துக்கொள்வதும், பெருவிரல் மூட்டு அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்வதும் தகட்டின் பங்கு. ஆகவே "கார்பன் இருக்கிறது" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். என்ன நுரை என்று கேளுங்கள்.

இப்போது மலை விஷயம். 2017இல் வேப்பர்ஃப்ளை வந்தபோது சொன்ன 4 வீதச் சக்திச் சேமிப்பு, ட்ரெட்மில்லில் சமதளத்தில், மணிக்கு 14 முதல் 18 கிலோமீற்றர் வேகத்தில் அளந்தது. பிறகு அதே கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சரிவிலும் அளந்தார்கள். சமதளத்தில் 3.8 வீதம் வந்த சேமிப்பு, 3 பாகை ஏற்றத்திலும் இறக்கத்திலும் 2.8, 2.7 என்று இறங்கியது. 3 பாகை என்றால் 100 மீற்றருக்கு 5 மீற்றர் உயர்வு. நம் தோட்டத்து ரோடுகளில் அதைச் சமதரை என்றே சொல்வோம்! ஹட்டன் பக்கம் ஏறும்போது என் காலுக்கும் அதே கதைதான் தெரிந்தது. சின்ன ஏற்றத்தில் உதவி இருக்கிறது, செங்குத்து வந்தால் சாதாரணச் சப்பாத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. காலி வீதி போன்ற நேரான கடற்கரை ரோட்டில்தான் இது முழுசாகப் பலன் தரும். கொழும்புக்கு இதையே போடப்போகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மேலே குளிரில் பழகியவர்கள் கீழே இறங்கும்போது சப்பாத்தைவிட வெக்கைதான் முதல் எதிரி. தலையில் ஊற்றும் தண்ணீர் எல்லாம் சப்பாத்துக்குள்தான் இறங்கும். மெல்லிய வலைத்துணி மேற்பாகமும் பருத்தி கலக்காத மேசும் (காலுறையும்) எவ்வளவு முக்கியம் என்று கொழும்பில் 30 கிலோமீற்றரைத் தாண்டும்போது விளங்கும்.

தலவாக்கலை மலைச்சாரல்

அண்ணே, ஏற்றத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள், இறக்கத்தை விட்டுவிட்டீர்கள். நான் நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்குப்பாதை வழியாக இறங்கிப் பார்த்தவன். வாகனங்களுக்கே பிரேக் சூடாகும் இறக்கம் அது. 40 மில்லிமீற்றருக்குக் கிட்டிய உயரத்தில், அதுவும் குதிகால் பக்கம் ஒடுங்கிய அடிப்பாகத்தில் நின்றுகொண்டு வளைவில் திரும்பும்போது, கணுக்கால் வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது. நுரை மென்மையாக இருப்பதால் பாதம் எங்கே ஊன்றுகிறது என்றே சரியாகத் தெரிவதில்லை. வேகத்தைக் குறைத்தால்தான் சரிப்படுகிறது. வேகத்தைக் குறைப்பதென்றால் அந்தச் சப்பாத்து எதற்கு?

இரண்டாவது, ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் ரோடு காய்வதே அபூர்வம். நிழல் விழும் வளைவுகளில் பாசி பிடித்துக் கிடக்கும். எடையைக் குறைப்பதற்காகச் சில மொடல்களில் அடியில் ரப்பரை மெல்லிசாகவும் துண்டு துண்டாகவும் வைக்கிறார்கள். வெள்ளைக் கோட்டை மிதித்தாலே வழுக்கும். பூமா டிவியேட் நைட்ரோ எலீட்டின் அடி ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது, வழுக்குகிற மொடல் ஒன்றையும் இதையும் ஒரே வாரத்தில் ஒரே வளைவில் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துக் கல் ரோட்டுக்கு இவற்றை எடுத்துப் போகவே போகாதீர்கள். அடிப்பாகத்தின் நடுவில் உள்ள குழியில் ஜல்லி போய் இறுகிக்கொள்கிறது. ஒருமுறை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே நின்று குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. கல் இருந்த இடத்தில் நுரை கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இவ்வளவு விலை கொடுத்த பொருளை அப்படிப் பார்க்க மனசு வரவில்லை.

என் தெரிவு இதுதான். மலைக்குள்ளே நடக்கும் ரோட்டோட்டம் என்றால் அகலமான அடிப்பாகம், நல்ல ரப்பர், உயரம் கொஞ்சம் குறைவு. சோக்கனி எண்டோர்ஃபின் ஸ்பீட் மாதிரி நைலோன் தகடு வைத்தவை இதற்குப் பொருத்தம். தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு.

நுவரெலியா நேர்ஸ்

மெதுவாக ஓடுகிறவர்கள் பக்கமிருந்து நான் எழுதுகிறேன். இரவுக் கடமை முடிந்து கிரகறி வாவியைச் சுற்றி ஓடுவதுதான் என் பயிற்சி. மரதனை நாலு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு மணிக்குப் பத்தரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடப் போனால் போதும். அந்த வேகத்தில் இந்தச் சப்பாத்து என்ன தருகிறது என்று தேடிப் படித்தேன். மணிக்கு 12 கிலோமீற்றரில் சராசரிச் சேமிப்பு ஒன்றரை வீதத்துக்குக் கிட்ட, 10 கிலோமீற்றரில் ஒரு வீதம்கூட இல்லை. அதுவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்விலேயே ஒருவருக்கு 11 வீதம் நன்மை, இன்னொருவருக்கு அதே அளவு தீமை. சராசரி என்பது நம் காலைப் பற்றி எதுவும் சொல்லாது.

என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி, போட்டிக்கு மட்டும் போட வேண்டியதை ஆசையில் தினமும் போட்டு ஓடினாள். கொஞ்ச நாளில் பாதத்தின் மேற்பக்கம், கணுக்காலுக்கு முன்னால், விரல் வைத்து அமுக்கினால் துடித்துப் போகிற அளவுக்கு ஒரே இடத்தில் வலி. வீக்கம் பெரிதாக இல்லை. அதனால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எலும்பில் அழுத்தக் காயம் தொடங்கியிருந்தது. பல கிழமை ஓட்டமே இல்லை. கார்பன் தகட்டுச் சப்பாத்து போட்டு ஓடிய ஐந்து விளையாட்டு வீரர்களுக்குப் பாதத்தின் நாவிகுலர் எலும்பில் இதேபோல் காயம் வந்ததை 2023இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சப்பாத்துதான் காரணம் என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தகடு வந்ததும் சுமை விழும் இடம் மாறுகிறது, எலும்புக்குப் பழக நேரம் வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை, குறைந்த தூரத்தில் தொடங்குங்கள். தட்டும் இடமெல்லாம் வலித்தால் தசை. ஒரே புள்ளியில் வலித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, நான் என்ன வாங்கினேன்? கார்பன் இல்லாத, பீபா நுரை மட்டும் உள்ள ஒரு ஜோடி. தை மாதத்து விடிகாலையில் இங்கே புல்லில் பனி உறையும். ஈவிஏ நுரை அந்தக் குளிரில் கட்டையாகிவிடுகிறது, இது அவ்வளவாக இறுகவில்லை. முழங்கால் நிம்மதியாக இருக்கிறது.

பண்டாரவளை விளையாட்டு மாஸ்டர்

அக்கா சொன்னதைப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

போன பருவத்தில் ஒரு தகப்பன் பாடசாலைக்கு வந்தார். மகன் 5,000 மீற்றர் ஓடுகிறவன், வலய மட்டத்தில் வென்று மாகாணத்துக்குப் போகிறான். "சேர், எல்லாரும் அந்தக் கார்பன் சப்பாத்துதான் போடுறாங்களாம், கடன் வாங்கியாவது எடுத்துக் குடுத்துர்றேன்" என்றார். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என்று ஆக்கினார்கள். நைக்கின் அல்ஃபாஃப்ளை மாதிரி ஒரு கார்பன் சப்பாத்தின் வெளிநாட்டு விலை அந்த வருடம் 285 டொலர். வரி சேர்க்காமலே 85,000 ரூபாவைத் தொடும். இரண்டு மாதத்துக்கும் மேலான பெயர் (நாட்கூலி).

அவரை உட்காரவைத்துச் சொன்னேன். உலக மெய்வல்லுநர் சங்கத்தின் விதிப்படி ரோட்டோட்டத்துக்குத்தான் 40 மில்லிமீற்றர் தடிப்பு வரை அனுமதி, தகடும் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. மைதானத் தடகள ஓட்டங்களுக்கு 2024 நவம்பரிலிருந்து 20 மில்லிமீற்றர்தான் எல்லை. அவர் வாங்க நினைத்தது அந்த விதியின்கீழ் 5,000 மீற்றருக்குச் செல்லாது. பையனுக்கு வேண்டியது நல்ல ஸ்பைக்ஸ் ஒரு ஜோடி, பயிற்சிக்கு உறுதியான சாதாரணச் சப்பாத்து ஒரு ஜோடி. இரண்டும் சேர்ந்தே அந்த விலையில் பாதிகூட வராது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் நிம்மதி.

குமார் சண்முகேஸ்வரன் போன்றவர்கள் மலையகத்திலிருந்து போய்த் தேசிய மட்டத்தில் நீள ஓட்டம் ஓடினார்கள். நம் பிள்ளைகளிடம் நுரையீரலும் இருக்கிறது, காலும் இருக்கிறது. முதலில் சாப்பாடு, தூக்கம், ஒழுங்கான பயிற்சி. வளர்கிற எலும்புக்குத் தகடு இப்போது தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஹப்புத்தளை தம்பி

போலிகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கட்டாரில் இருக்கும் அண்ணன் இணையத்தில் மலிவாகப் பார்த்து ஒரு ஜோடி எடுத்து அனுப்பினான். பார்வைக்கு அச்சு அசல். எனக்குச் சந்தேகம் வந்து மரக்கறிக்கடைத் தராசில் வைத்தேன். என் அளவுக்கு 200 கிராம் சுற்றி நிற்க வேண்டியது 270ஐத் தாண்டியது. பிறகு முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கினேன். உண்மையான தகடு இருந்தால் கையால் அவ்வளவு லேசாக மடங்காது. இது பாதியில் மடிந்தது. பெருவிரலால் பக்கத்தை அமுக்கினால் நுரை உள்ளே போகவே இல்லை. மூன்றையும் வீடியோ எடுத்து அனுப்பினோம், விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பணம் கம்மியாக இருந்தால் எக்ஸ்டெப் 160எக்ஸ் மாதிரி சீனத் தயாரிப்புகளைப் பாருங்கள். அசல் கார்பன், நல்ல நுரை, விலை பெரிய பெயர்களைவிடக் குறைவு. பாவித்ததை வாங்குகிறீர்கள் என்றால் அடி ரப்பரைவிட நுரையின் பக்கவாட்டுச் சுருக்கங்களைப் பாருங்கள். ரப்பர் புதுசாக இருந்தும் நுரை செத்துப்போயிருக்கும்.

கொட்டகலை ஓட்டக்காரன்

மாஸ்டர், நேர்ஸ் தங்கச்சி, தம்பிமார் எல்லாருக்கும் நன்றி. தலவாக்கலைத் தம்பி சொன்ன வளைவு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பயிற்சியை மலையில் பழைய சப்பாத்தில் வைத்துக்கொண்டு, கார்பனைச் சமதரைக்கு என்று ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று: 2023 பெர்லின் மரதனில் எத்தியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ட் அசேஃபா 2:11:53 ஓடியபோது போட்டிருந்த அடிடாஸ் 138 கிராம்தான், விலை 500 டொலர், ஒரு மரதனுக்கும் கொஞ்சம் பழகுவதற்கும் என்றே செய்தது. எடை குறையக் குறைய ஆயுளும் குறையும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

யாராவது அசிக்ஸ் மெட்டாஸ்பீட் ஸ்கை, எட்ஜ் இரண்டையும் போட்டிருக்கிறீர்களா? எட்டி வைத்து ஓடுகிறவர்களுக்கு ஸ்கை, அடியை வேகமாக மாற்றுகிறவர்களுக்கு எட்ஜ் என்று பிரித்திருக்கிறார்கள். ஏற்றத்தில் வளர்ந்த நம் கால்கள் பெரும்பாலும் குட்டை அடிதான் வைக்கும், அதனால் எட்ஜ் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. போட்டவர்கள் எழுதுங்கள். 8ஆம் இலக்கக் கால் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் என்னுடைய வேப்பர்ஃப்ளையைப் போட்டுப் பார்க்கலாம், சனிக்கிழமை காலையில் ஹட்டன் டன்பார் மைதானத்தில் இருப்பேன்.