வயல் எலியைப் பிடித்துப் பால் பைத்தானுக்குப் போடலாமா?

புதுக்கூண்டு:
என்னிடம் ஒரு பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இருக்கிறது, வளர்ந்த ஆண். வெளிநாட்டு விலங்குகளைப் பதியும் அரசின் பரிவேஷ் தளத்தில் முறைப்படி பதிவு செய்தாயிற்று. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளை எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. போன வாரம் மாமா மன்னார்குடியிலிருந்து ஒரு வயல் எலியைக் கொண்டுவந்தார். கிட்டி என்கிற எலிப்பொறியில் மாட்டிச் செத்தது. இடுக்கியில் பிடித்துக் காட்டியதும் பாய்ந்து பிடித்து விழுங்கிவிட்டது. இனிமேல் வாரம் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார் மாமா. வாங்கலாமா?

டெல்டாக்காரன்:
தாராளமாக வாங்குங்கள். பால் பைத்தானின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே அது காட்டை விட விளைநிலத்தை ஒட்டிய வளைகளில்தான் அதிகம் கிடைக்கிறது. தின்பதும் வயல் எலியைத்தான். வெள்ளை எலி மனிதன் ஆய்வுக்கூடத்துக்காக உருவாக்கியது. அந்த வாடை இரைதான் என்று பாம்புக்குப் படாமல் போவதில் என்ன ஆச்சரியம்? தஞ்சாவூர் கிட்டி என்பது மூங்கில் வில்லும் கயிறும்தான், விஷமே கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் வளையில் புகை போட்டுப் பிடித்த எலியைத் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மனிதனுக்கு ஆகிற இறைச்சி பாம்புக்கு ஆகாதா?

கால்நடை மாணவி:
அண்ணா, கிட்டியில் விஷம் இல்லைதான். ஆனால் அந்த எலி முந்தின நாள் எங்கே என்ன தின்றது என்று கிட்டிக்குத் தெரியாது. நம் ஊர் வயல்களில் பரவலாக வைப்பது இரண்டு. ஒன்று, பொரியிலோ அரிசியிலோ எண்ணெய் விட்டுக் கலக்கும் கருப்புப் பொடி, அதாவது துத்தநாக பாஸ்பைடு. இன்னொன்று புரோமாடியோலோன் கேக்.

கருப்புப் பொடி வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்கிறது. எலியின் சதையில் அது தேங்காது. ஆனால் இரைப்பையில் செரிக்காத மிச்சம் இருக்கும். புரோமாடியோலோன் வேறு மாதிரி, ரத்தம் உறையாமல் செய்து கொல்லும். கேக்கில் அதன் அளவு வெறும் 0.005 சதவீதம். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அந்த நாட்களில்தான் சோர்ந்து, சுலபமாக மாட்டும். சாகாமல் தப்பிய எலியின் ஈரலில் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கும்.

இருளர் உதாரணம் இங்கே பொருந்தாது. அவர்கள் குடலை எடுத்துவிட்டு, சுட்டோ சமைத்தோதான் சாப்பிடுகிறார்கள். எந்த வயல், என்ன பருவம் என்று பார்த்துப் பிடிக்கிற அனுபவமும் அவர்களுக்கு உண்டு. பாம்பு இரைப்பை, குடல், ஈரல் எல்லாவற்றோடும் பச்சையாக விழுங்குகிறது. நாம் பயப்படும் இரண்டு விஷமும் இருக்கிற இடங்கள் அவைதாம்.

டெல்டாக்காரன்:
ரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளைப் பறவைகளை விட ஊர்வன அதிகம் தாங்கும் என்று நானும் படித்திருக்கிறேன். எங்கள் வயலில் சாரையும் நாகமும் இந்த எலிகளைத் தின்றுதான் பரம்பரை பரம்பரையாக இருக்கின்றன. மருந்து அவ்வளவு மோசமாக இருந்தால் அவை எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா? மருந்து வைத்த வயலா என்று கேட்டுவிட்டுத்தான் நான் எலியே எடுப்பேன்.

கால்நடை மாணவி:
சோதித்த சில இனங்களில் தாங்கியது உண்மைதான். சோதித்தவை மிகக் குறைவு, பால் பைத்தானை அந்தக் கணக்கில் சேர்க்க ஆதாரம் இல்லை. கருப்புப் பொடிக்கு அந்தச் சலுகையும் கிடையாது, பாம்பின் இரைப்பையிலும் கடும் அமிலம்தானே இருக்கிறது. வயலில் இருக்கும் சாரைகளை நீங்கள் பார்க்கிறீர்கள். வளைக்குள் செத்த சாரையை யார் பார்த்தார்கள்? அப்புறம், எலிக்கு வரப்பு எல்லை இல்லை. பக்கத்து வயலில் தின்றுவிட்டு உங்கள் கிட்டியில் வந்து மாட்டும்.

இரவுநடை:
விஷத்தை விடுங்கள், எனக்குப் புழுதான் பெரிய கவலை. ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். வளர்ப்புக்காகக் கொண்டுபோன பர்மிய மலைப்பாம்புகள் காட்டில் பெருகின. அவற்றோடு போன ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது அந்த ஊர்ப் பாம்புகளைக் கொல்கிறது. பழக்கமில்லாத உடம்புக்குள் ஒட்டுண்ணி போனால் இதுதான் கதி. ஆப்பிரிக்கப் பாம்புக்கு மன்னார்குடி எலியைப் போடுவதும் அதே விளையாட்டுதான்.

கால்நடை மாணவி:
ஒரு திருத்தம். ஃப்ளோரிடா ஒட்டுண்ணி, ராயிலியெட்டியெல்லா, தவளை, பல்லி வழியாகப் பாம்புக்குப் போகிறது. எலி வழியாக அல்ல. அதனால் அதை வைத்து வயல் எலியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே ஒட்டுண்ணிக் கூட்டத்தில் ஆர்மிலிஃபர் என்று ஒன்று உண்டு. அதன் இளம்பருவம் எலியின் உடம்பில் சுருண்டு கிடக்கும், வளர்ந்தபின் மலைப்பாம்பின் நுரையீரலில் குடியேறும். ஆப்பிரிக்காவில் ஒரு வகை, ஆசியாவில் இன்னொரு வகை. எனவே கவலை சரிதான், உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எலி தின்ன மறுக்கும் பாம்புக்குத் தவளை, பல்லி கொடுக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது வயல் எலியை விட மோசம். தவளையைப் பிடிப்பது சட்டச் சிக்கலும்கூட. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு நிறுத்தியதே வயலில் தவளை குறைந்து பூச்சி கூடுகிறது என்ற கவலையால்தான்.

டெல்டாக்காரன்:
புழுவுக்கு ஃப்ரீசர் இருக்கிறதே. மைனஸ் 20 டிகிரியில் மூன்று நான்கு வாரம் வைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கால்நடை மாணவி:
புழுக்கள் பெரும்பாலும் செத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். சால்மோனெல்லா சாகாது. புரோமாடியோலோன் அப்படியே இருக்கும். நீங்கள் யாரும் பேசாத ஒன்று, உங்கள் கை. வயல் எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சமையலறைத் தொட்டியில் அந்த எலியைக் கழுவி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்கிரீம் பக்கத்தில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பழைய வளர்ப்பாளர்:
எல்லோரும் எலியையே பேசுகிறீர்கள். தம்பி புதுக்கூண்டின் பாம்பு ஏன் தின்னவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர்மாதங்களில் மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது சாதாரணம். நம் மழைக்காலத்தில் அறை வெப்பம் இறங்கும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்கிறதா? இரண்டு பக்கமும் உடம்பு நெருக்கமாக அடங்கும் மறைவிடம் இருக்கிறதா? எடையை எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் போங்கள், அதுவரை பட்டினியைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற்றத்தில்தான் நாம் கண்டதையும் போடுகிறோம்.

வாடை பற்றி டெல்டாக்காரர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் வாடைக்கு வயல் எலி தேவையில்லை. நாமக்கல் பக்கம் காடைப் பண்ணைகள் நிறைய உண்டு, குஞ்சு வாங்குவது கடினமில்லை. பால் பைத்தான் காட்டில் பறவையும் தின்னும், இளம் ஆண்கள் கூடுதலாகவே தின்னும். உறைந்த வெள்ளை எலியை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, வெந்நீரில் 38 டிகிரிக்குச் சூடாக்கி, காடைக்குஞ்சின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு, விளக்கை அணைத்து நீட்டுங்கள். காடையை மட்டுமே பழக்கிவிடாதீர்கள், அப்புறம் எலிக்குத் திரும்பாமல் அடம்பிடிக்கும்.

ஏற்கனவே விழுங்கிய வயல் எலிக்காக ஒன்று செய்யுங்கள். சில வாரம் கழித்து எச்சத்தைப் புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதற்குள் வாயின் உட்புறம் வெளுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, இரையைக் கக்கினாலோ பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டெல்டாக்காரன்:
காடை யோசனை நல்லது. ஆனால் எல்லா ஊரிலும் தீனி எலி கிடைப்பதில்லை. ஊர்ப்பக்கம் வளர்ப்பவன் என்ன செய்வான்? பிடித்த வயல் எலியைக் கூண்டில் இரண்டு வாரம் நல்ல தீனி போட்டு வைத்திருந்து கொடுத்தால்?

கால்நடை மாணவி:
இரண்டு வாரத்தில் கருப்புப் பொடி பயம் போகும். ஈரலில் இருக்கும் புரோமாடியோலோன் போகாது. எலிக்காய்ச்சல் கிருமியும் போகாது, எலி அதை நோயில்லாமலே சுமக்கும். ஊரில் வளர்ப்பவர் இரண்டு ஜோடி வெள்ளை எலியை வாங்கிவந்து தானே பெருக்குவதுதான் வழி. சினைப்பட்டு மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு பாம்புக்கு அதுவே மிஞ்சும்.

டெல்டாக்காரன்:
சரி, பெருக்கிப் பார்க்கிறேன். ஆனால் மருந்தே வைக்காத இயற்கை விவசாய வயல் சுற்றிலும் இருக்கிற இடத்தில் கிட்டி எலி கெடுதல் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. உறைய வைத்து, கையுறை போட்டு, தனி டப்பாவில் வைத்துக் கொடுப்பேன்.

புதுக்கூண்டு:
மாமாவுக்குப் போன் செய்து அடுத்த எலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், ஆசையாகப் பிடித்து வைத்திருந்தாராம். அப்புறம், சூடான பக்கம் 32 காட்டுகிறது, ஆனால் மறைவிடம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இன்னொன்று இன்றே வைக்கிறேன். காடைக்குஞ்சை உயிரோடு வாங்க வேண்டுமா, செத்ததாகவே கொடுப்பார்களா?

பழைய வளர்ப்பாளர்:
குஞ்சுப்பொரிப்பகத்தில் கேட்டால் அன்றைக்குச் செத்ததையே தருவார்கள். எதனால் செத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்த தொகுதி என்றால் வாங்காதீர்கள்.