புதுப்பிப்பு: ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் போய் வந்தாச்சு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து ஒரே நாளில், பழைய கடலோர ராணுவக் கோட்டையான ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவையும் பக்கத்து ஊரான அஸ்டோரியாவையும் பார்த்துவிட முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முடியும், ஆனால் மூச்சு வாங்கும்.

"கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் கப்பலுக்குப் போங்க" என்று எழுதியவருக்கு ஒரு கும்பிடு. 1906 அக்டோபரில் இந்தக் கடற்கரையில் கரைதட்டிய பீட்டர் ஐரிடேல் என்ற அந்தக் கப்பல் இப்போது வெறும் விலா எலும்புதான். அன்று யாரும் சாகவில்லை. கிட்டே போய்த் தொட்டால் துரு செதில் செதிலாக உள்ளங்கையில் ஒட்டுகிறது. சாயந்தரம் வரை கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பேட்டரி ரஸ்ஸல், கோட்டையின் பீரங்கி மேடை. 1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-25 இந்தப் பக்கம் 17 குண்டுகள் சுட்டது. இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று கோட்டையிலிருந்து திருப்பிச் சுடவேயில்லை. சேதமானது ஒரு பேஸ்பால் மைதானத்து வேலியும் கொஞ்சம் கம்பிகளும்! கான்கிரீட் அறைகளுக்குள் கும்மிருட்டு. டார்ச் இல்லாமல் போகாதீர்கள். என் பையன் உள்ளே நின்று கத்தி, எதிரொலியில் அவனே பயந்துவிட்டான்.

அஸ்டோரியா தூணில் 164 படி. மேலே நின்றால் கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடம் வரை தெரிகிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது, ஜாக்கெட்டை நான் காரிலேயே விட்டிருந்தேன்.

அமெரிக்காவின் மேற்கைத் தரைவழியே ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் 1805-06 குளிர்காலத்தைக் கழித்த ஃபோர்ட் கிளாட்சாப்? போவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும், இந்தத் தடவை இரவு தங்கி.