1957 பெல் ஏர் காரில் 1955 டாஷ்போட்: எங்கள் கார் அசலானதா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகர்

வணக்கம். எங்கள் பெரியப்பா ஓட்டிய செவர்லே பெல் ஏர் கார் ஒன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள குடும்ப வீட்டின் பின்கொட்டகையில் நெடுங்காலமாக நிற்கிறது. அதைத் திருத்தி மீண்டும் வீதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருடைய பிள்ளைகளும் நாங்களும் விரும்புகிறோம். பதிவுப் புத்தகத்தில் 1957 என்றே உள்ளது. இலக்கத் தகடும் 1 ஸ்ரீ வரிசையைச் சேர்ந்தது. உயர்ந்து கூராக முடியும் பின் செட்டைகளும், அவற்றின் பக்கவாட்டில் பதித்த அலுமினியத் தகடும் 1957 மொடலுக்கு உரியவை என்பதைப் படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம். ஆனால் உள்ளே இருக்கும் டாஷ்போட் 1955 மொடலினுடையது. பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களில் நல்ல அனுபவமுள்ள ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது இரண்டு கார்களை இணைத்து உருவாக்கப்பட்டது என்று சொல்கிறார். எஞ்சினும் வி8 எனப்படும் எட்டு சிலிண்டர் வகை அல்ல, ஆறு சிலிண்டர்தான். இவை இரண்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவையா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

மறுமொழி: தெஹிவளையிலிருந்து

உங்கள் காரின் டாஷ்போட்டை யாரும் மாற்றவில்லை என்றே நான் கருதுகிறேன். 1955 டாஷ்போட்டின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் காரணம் புரியும். ஓட்டுநருக்கு முன்னால் விசிறி வடிவில் மீற்றர் கூடு இருக்கிறது. அதே அளவிலும் அதே வடிவிலும் இன்னொரு கூடு பயணியின் பக்கத்தில் ரேடியோ ஒலிபெருக்கியை மூடி நிற்கிறது. இரண்டும் சமச்சீரானவை என்பதால், ஸ்டியரிங்கை வலப்பக்கத்துக்கு மாற்றும்போது அவற்றை இடம் மாற்றினாலே போதுமானது. 1957 இல் அமெரிக்காவில் வெளிவந்த புதிய டாஷ்போட்டோ இடப்பக்க ஓட்டுநரை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடுகளுக்குப் போன கார்களின் எண்ணிக்கை குறைவு. அந்தச் சிறு தொகைக்காக ஒவ்வோர் ஆண்டும் புதிய அச்சுகள் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், வலப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களுக்கு 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 1955 டாஷ்போட்டின் கண்ணாடிப் பிம்ப வடிவமே பொருத்தப்பட்டது.

ஆகவே அந்த அனுபவசாலி குறையாகக் கண்டது, உண்மையில் உங்கள் கார் பிறந்தபோதே வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்தது என்பதற்கான நல்ல சான்று. அமெரிக்காவில் ஓடிய காரைப் பிற்காலத்தில் மாற்றியிருந்தால், 1957 டாஷ்போட்டை வெட்டி ஒட்டிய தடயம் இருக்கும். எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் இடப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஸ்டியரிங் தண்டு சென்ற பழைய துளையை வெல்டிங் செய்து அடைத்த அடையாளம் இல்லையென்றால் என் கருத்து இன்னும் வலுப்பெறும்.

மறுமொழி: மட்டக்குளியிலிருந்து

ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி நான் எழுதுகிறேன். இந்தக் காரின் வரலாறு பெரும்பாலும் அதன் எஞ்சினின் வரலாறுதான்.

பெல் ஏர் என்ற பெயர் 1950 இல் ஓர் இரு கதவுக் காருக்கு முதலில் சூட்டப்பட்டது. 1953 இல் அது செவர்லேயின் மிக உயர்ந்த தனி வரிசையாயிற்று. அதற்குக் கீழே டூ-டென், வன்-ஃபிஃப்டி என்ற வரிசைகள் இருந்தன. 1929 முதல் 1954 வரை செவர்லே கார்களில் ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே இருந்தது. போட்டியாளரான போர்ட் நிறுவனமோ 1932 இலேயே சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினைக் கொடுத்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு செவர்லேயின் தலைமைப் பொறியியலாளர் எட் கோலின் குழுவுக்கு வந்தது. அவர்கள் 1955 மொடலுக்காக உருவாக்கிய 265 கன அங்குல வி8, அதாவது சுமார் 4.3 லீற்றர் எஞ்சின், சாதாரண நிலையில் 162 குதிரைவலுவைக் கொடுத்தது. வார்ப்பு மெல்லியதாக இருந்ததாலும், வால்வுகளை இயக்கும் நெம்புகள் கனத்த தண்டொன்றில் கோக்கப்படாமல் தகட்டில் அழுத்திச் செய்யப்பட்டுத் தனித்தனி ஆணிகளில் அமர்ந்ததாலும், எட்டு சிலிண்டர் இருந்தும் அது பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை விட எடை குறைந்ததாக அமைந்தது. வால்வுகளுக்கான எண்ணெயும் தனிக் குழாய் இல்லாமல், உள்ளே வெறுமையான தள்ளு கம்பிகள் வழியாகவே மேலேறியது. இவ்வளவு எளிமையான சிந்தனையை நான் வேறு எந்த எஞ்சினிலும் இத்தனை அழகாகக் கண்டதில்லை.

1957 இல் அந்த எஞ்சின் 283 கன அங்குலமாக வளர்ந்தது. எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் ராம்ஜெட் அமைப்போடு அதன் உச்சத் திறன் 283 குதிரைவலு. இன்று உலகம் 1957 பெல் ஏரைப் பேசும்போது பெரும்பாலும் அந்த வி8 ஐயே நினைக்கிறது. ஆனால் வெளிநாடுகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங்கோடு சென்றவற்றில் பெரும்பாலானவை 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்டவையே. 1957 இல் அதன் திறன் 140 குதிரைவலு. உங்கள் காரின் பொனட்டில் செவர்லே என்ற எழுத்துகளுக்குக் கீழே அகன்ற வி சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். வி8 கார்களுக்கு மட்டுமே அது பொருத்தப்பட்டது. சின்னமும் இல்லை, அதைப் பொருத்திய துளைகளும் இல்லை என்றால், ஆறு சிலிண்டர் எஞ்சினோடுதான் அது வந்திருக்கும்.

1958 இல் பெல் ஏருக்குள்ளேயே ஒரு மேல் வகையாக இம்பாலா வந்தது. அடுத்த ஆண்டே அது தனி வரிசையாகி முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. பெல் ஏர் படிப்படியாகக் கீழிறங்கி அமெரிக்காவில் 1975 உடனும் கனடாவில் 1981 உடனும் முடிவுற்றது. அந்தப் பிற்கால வரலாறு என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தை

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை அண்ணாவோடு போய்ப் பார்த்தேன். பொனட்டில் வி சின்னமும் இல்லை, துளைகளும் இல்லை. தடுப்புத் தகட்டின் இடப்பக்கத்தில் வெல்டிங் அடையாளம் எதுவும் தென்படவில்லை. இன்னொரு சந்தேகம்: பெற்றோல் ஊற்றும் வாயை எங்கள் இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலும், இதற்கு ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால் செலவு குறையும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அது சரியா?

மறுமொழி: கொட்டாஞ்சேனையிலிருந்து

இடப்பக்கச் செட்டையின் பின் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் குரோமியப் பட்டையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், தம்பி. அது கதவு போலத் திறக்கும். மூடி அதற்குள் இருக்கிறது. 1956 மொடலில் இதையே இடப்பக்கப் பின்விளக்குக்குள் மறைத்திருந்தார்கள். நெடுநாள் திறக்காததால் கீல் துருப்பிடித்திருக்கக்கூடும். பலமாக இழுத்து வளைத்துவிடாமல் முதலில் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள்.

டீசல் எஞ்சின் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பெற்றோல் செலவுக்கு அஞ்சி நம் ஊரில் பல நல்ல கார்கள் அப்படித்தான் தம் உயிரை இழந்தன. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் காரில் உள்ள இலக்கமும் பொருந்தி நிற்பது இன்று கிடைத்தற்கரிய பேறு. அந்த 235 எஞ்சின் அக்காலச் செவர்லே லொறிகளிலும் பயன்பட்டதால் உதிரிப்பாகங்களைத் தேடுவது நீங்கள் அஞ்சுமளவுக்குக் கடினமல்ல.

ஸ்ரீ இலக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிங்கள எழுத்து 1957 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எழுந்த எதிர்ப்பை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. ஆயினும் அது கார் இங்கே பதிவான காலத்தைத்தான் காட்டுமே தவிர, தயாரிக்கப்பட்ட ஆண்டைக் காட்டாது. 1957 மொடல் அமெரிக்காவில் 1956 ஒக்டோபரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

வீதியில் இறக்குவதற்கு முன் பிரேக்கை முழுமையாகப் பிரித்துப் பாருங்கள். நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்தான். அவை அனைத்துக்கும் ஒரே திரவச் சுற்றுத்தான் உள்ளது. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒரேயடியாகக் கைவிடும். ஆகையால் இறப்பர்க் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அனைத்தையும் புதிதாக மாற்றுங்கள். வர்ணம் பூசுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.