டைம்ஷீட்ல ஏவோல்னு போட்டுட்டாங்க, ஓடிப்போனவன்னு அர்த்தமா?

துவாஸ்_தம்பி:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். இங்க சிங்கப்பூர்ல எங்க ரூம் பையன் ஒருத்தன் நேத்து காலையிலேருந்து காய்ச்சல்ல படுத்துட்டான், கிளினிக் போய் ரெண்டு நாளைக்கு எம்.சி.யும், அதான் டாக்டர் குடுக்குற மெடிக்கல் லீவ் சர்டிஃபிகேட்டு, வாங்கிட்டான், ஆனா போன் உடைஞ்சு கிடக்குறதால சூப்பர்வைசருக்கு சொல்லவே இல்ல. இன்னைக்கு பார்த்தா அவன் பேருக்கு நேரா ஏ டபிள்யூ ஓ எல், அதான் ஏவோல்னு எழுதியிருக்காங்க. நாங்க தங்கியிருக்கிற டார்ம்ல ஆளாளுக்கு இது பட்டாளத்துல ஓடிப்போனவனுக்கு போடுறது, ஒர்க் பெர்மிட் போச்சு, ஊருக்கு டிக்கெட்தான்னு கிளப்பிவிட அவன் சோறுகூட திங்கல. அர்த்தம் என்னண்ணே? அப்ஸ்காண்ட்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஈசூன்_ராஜா:
பட்டாளத்து வார்த்தைதான், அது உண்மை. ஆப்சென்ட் வித்தவுட் லீவ், அதாவது அனுமதி இல்லாம வராம இருக்கிறதுன்னு அர்த்தம், அவ்வளவுதான், ஓடிப்போனதுன்னு இல்ல. நாங்க நேஷனல் சர்வீஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, பண்ணப்போ ஞாயித்துக்கிழமை ராத்திரி புக்-இன் டைமுக்கு கேம்ப்புக்குள்ள இல்லன்னா இந்தப் பேருதான். அங்க இது குற்றம், டிபி வரைக்கும் போகலாம், அதான் டிடென்ஷன் பேரக்ஸ், ராணுவ ஜெயிலு. திரும்பி வரவே கூடாதுன்னு போறவன் டெசர்ட்டர், அது தனி கேஸ். பட்டாளத்துல என்லிஸ்ட் ஆகவே, அதாவது சேரவே, வராம வெளிநாட்டுல உக்காந்திருக்கிறவன் ரெண்டுலயும் சேரமாட்டான், அவனுக்கு வேற சட்டம், 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். உங்க ஆளு சிவிலியன்தான், மிலிட்டரி போலீஸ் ஜீப்பு எடுத்துட்டு தேடி வரமாட்டாங்க.

எச்ஆர்_அக்கா_சிராங்கூன்:
தம்பி அர்த்தம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல எம்.சி.ய உங்க போன்ல படம் எடுத்து சூப்பர்வைசருக்கு இப்பவே அனுப்புங்க. எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்படி சிக் லீவ் ஆரம்பிச்சு 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், இல்ல சொல்ல முயற்சியாவது பண்ணியிருக்கணும், அத விட்டா கையில எம்.சி. இருந்தும் அனுமதியில்லாம வராத கணக்குலதான் சேரும். நேத்து காலையிலன்னா நாளைக்கு காலை வரைக்கும் டைம் இருக்கு. இன்னொரு விஷயம், அனுமதியும் இல்லாம காரணமும் சொல்லாம தொடர்ந்து 2 வேலை நாளைக்கு மேல வரலன்னாத்தான் கான்ட்ராக்டை அவரே முறிச்சதா எடுத்துக்குவாங்க. ஏவோல்ங்கிறது ஆபீஸ்ல நாங்க சும்மா போடுற சுருக்கம், என்னக் கேட்டா அத டைம்ஷீட்லயே போடக்கூடாது, பாருங்க பையன் எப்படி பயந்துட்டான்.

எழுத்துப்பூச்சி:
குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். ஆப்சென்ட் வித்தவுட் லீவ்னா மூணு வார்த்தைதானே, ஓ எங்கேருந்து வந்துச்சு? வித்தவுட்டை ரெண்டா பிரிச்சதுன்னு சிலர், நடுவுல அஃபிஷியல் இருக்குன்னு சிலர். ஆஸ்திரேலியாக்காரன் ஓவே இல்லாம ஏ டபிள்யூ எல்னுதான் எழுதுறான். அமெரிக்காவுல ராணுவத்துக்கு ஏவோல், கடற்படைக்காரன் அதையே யூ ஏன்னு (அன்ஆதரைஸ்ட் ஆப்சென்ஸ்) சொல்லுவான், 30 நாள் தாண்டினா டெசர்ட்டர் லிஸ்டுக்கு மாத்திடுவாங்க.

ஈசூன்_ராஜா:
பூச்சி, அவன் வேலை போயிடுமோன்னு கேக்குறான், நீ ஓவ எண்ணிட்டு இருக்க 😂

துவாஸ்_தம்பி:
அக்கா அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதில் இன்னும் வரல. அந்த அப்ஸ்காண்ட்?

எச்ஆர்_அக்கா_சிராங்கூன்:
அது வேற. ஆளு எங்கன்னே தெரியாம தலைமறைவாயிட்டாத்தான் அந்தப் பேச்சு, கம்பெனி போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும், பெர்மிட்டை கேன்சல் பண்ணணும். மலேசியாக்காரங்க தவிர மத்த ஒர்க் பெர்மிட் ஆளுங்களுக்கு தலைக்கு 5,000 வெள்ளி பாண்ட், அதாவது அரசாங்கத்துக்கு ஜாமீன், கட்டியிருப்பாங்க, அதுக்கும் ஆபத்து, அதான் முதலாளிங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. டார்ம்ல போர்வை போத்திப் படுத்திருக்கிறவனுக்கு அத யாரும் போட முடியாது. அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, ஒரிஜினல் எம்.சி.ய பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க, டைம்ஷீட்டைத் திருத்தச் சொல்லி நாளைக்கு எழுத்துல கேக்கட்டும்.

துவாஸ்_தம்பி:
சரிக்கா, சொல்லிட்டேன். இப்ப கஞ்சி குடிக்கிறான்.